எலிக்கும் கொடுக்காத மருந்து

இன்று காலை ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டைத் திறந்ததும் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. வெளியே நல்ல வெயில். வாசனை உன் பாக்டீரியாவுடையது. தொண்டூரில் உங்கள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிக்கடியிலிருந்து நீ அள்ளி வந்த மண்ணில் வளர்ந்தது அது.

செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஆய்வகத்துக்கு நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவோம். மண்ணுக்குள் ஒரு பாக்டீரியா இன்னொன்றை விரட்டச் சுரக்கிற சரக்குதான் நமக்கு மருந்து என்று நீ ஒருநாள் கண்டக்டருக்கே வகுப்பு எடுத்தாய். "மண்ணுல மருந்தா? நல்லா கத வுடுறீங்கம்மா" என்று சிரித்தார்.

உன் பாக்டீரியா வளர்ந்த வெள்ளைப் புள்ளியைச் சுற்றி, நாம் தடவிவிட்ட சீழ்க்கிருமி எதுவும் முளைக்காமல் தட்டு தெளிவாக இருந்த அன்று, என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அது. அடுத்து எலிக்குக் கிருமியை ஏற்றி மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் நின்றுவிட்டாய். சமணக் குடும்பத்துப் பெண், கிழங்கில் உயிர்கள் இருக்கும் என்று மசால் தோசையில் உருளைக்கிழங்கைக்கூட ஒதுக்கி வைக்கிறவள்.

"தட்டு தட்டாக் கிருமிய வேக வெச்சுக் கொல்ற, எலிக்கு மட்டும் இன்னாடி?" என்று சீண்டினேன்.

"அந்தப் பாவமே போதும்டி. எலி என் கண்ணையே பாக்குது. வேற வழி இருக்குதான்னு பாக்கலாம், கொஞ்சம் பொறு."

பொறுத்தோம். மருந்து ஃபிரீசரில் கிடந்தது.

பிறகு உனக்கு வயிற்றில் ஆபரேஷன். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. பரிசோதனை முடிவை நான்தான் வாங்கிப் படித்தேன். நம் தட்டில் தோற்ற அதே கிருமி. டாக்டர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்த எதற்கும் அது அடங்கவில்லை. உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் கண்டுபுடிச்சத இவளுக்குக் குடுக்கக் கூடாதாம்மா?"

நீதான் பதில் சொன்னாய். "அது எலிக்கே இன்னும் குடுக்கலண்ணா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய், முடியவில்லை.

எலிச் சோதனை அப்போதே முடிந்திருந்தாலும் மனிதருக்கு வர வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்பதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு சோதனையை நானே செய்தேன். இன்று முடிவு தெரிந்தது. மருந்து கொடுத்த எலிகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. ஆய்வகத்தில் எல்லாரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். நான் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லையடி. அதை நான் யாரிடம் போய்க் காட்டுவேன்?