சுமதிக்குக் கடைசி வரிசை

12 ஜூலை 1994, செவ்வாய்

டீச்சர் மேஜையில் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டி முன்கூட்டியே திறந்திருந்தது. தங்கை சுமதியின் வகுப்புக்குள் போனதும் அதுதான் கண்ணில் பட்டது. பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் மில்லில் ஷிப்டு பார்க்கும் அம்மா எப்படி வருவாள்? அவளுக்குப் பதில் நான் போனேன்.

“கட்டை விரல வெச்சுப்போட்டுப் போ, அம்மணி” என்றார் டீச்சர். நான் பேனாவை எடுத்துப் பெயர் எழுதினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. “ஊட்டுல சொல்லிக்குடுக்க ஆளில்லாத புள்ளைங்க எல்லாம் இனிக் கடைசி வரிசை” என்றார். சுமதியும் அதில்.

ஆளில்லையாம்! நான் ஆறாவதோடு நின்றவள்தான். தினமும் சாயங்காலம் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவது யார்? வீட்டில் யார் படிக்க வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு சரசக்கா விடவில்லை. “ஏனுங்க டீச்சர், பின்னால உக்கார வெச்சா படிப்பு முன்னால வந்துருமுங்களா?” எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குள் கடைசி வரிசைக்குப் போயிருந்த சுமதியின் பையை எடுத்தேன். எல்லோரும் பார்க்க, முதல் வரிசையில் கொண்டுபோய் வைத்தேன்.