யாரும் கட்டாயப்படுத்தாத கறுப்பு

லவுமிசா, எஸ்வாத்தினி
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை பிந்திலேவுக்கு,

அக்கா கெட்சீவே எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். ம்பபானே குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? கடிதத்தை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் எல்லாம் முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும்.

உன் வக்கீல் அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய அரசியல் சட்டப் புத்தகம் கிடைத்தது. மனசாட்சிக்கு ஒவ்வாத வழக்கத்தை எந்தப் பெண் மீதும் திணிக்கக் கூடாது என்ற இடத்தில் கோடு போட்டிருந்தாய். மூன்று தடவை படித்தேன். யாரோ நல்லவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே விஷயம் முற்றிவிட்டது. என் முசா கண்ணை மூடி ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவர் தம்பி மடோடா எங்கள் மக்காச்சோள வயலைத் தனக்குக் கேட்டிருக்கிறான். சனிக்கிழமை, வழக்கம்போல ஊர்த்தலைவரின் மாட்டுத் தொழுவத்தில்தான் கூட்டம். துக்கக் கறுப்பு உடுத்தியவள் தலைவர் முன்னால் போய் நிற்கக் கூடாது, உனக்குத் தெரியாததா? எனக்காகப் பேச வேண்டியவன் கணவன் வீட்டு ஆண். அதாவது மடோடா. எப்படி இருக்கிறது நியாயம்?

நேற்று வந்து என் வீட்டுக் கஞ்சியையே குடித்துவிட்டு, "கவலைப்படாதீங்க அண்ணி, உங்க கட்சியையும் நானே சொல்லிடறேன்" என்றான். புத்தகத்தைக் காட்டினேன். சிரித்தான். "கறுப்பு போடச் சொல்லி உங்களை யாராவது மிரட்டினாங்களா? நீங்களேதானே துணி வாங்கித் தைக்கக் கொடுத்தீங்க?" என்று கேட்டான்.

புத்தகத்தை மூடிவைத்தேன். உண்மைதானே. முசாவுக்காக நானாக உடுத்தியது. வழக்கப்படி இரண்டு வருடமும் உடுத்த வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆசையாய் உடுத்தியவளுக்கும் வாயைத் திறக்க உரிமை உண்டு என்று அந்தப் புத்தகத்தில் எங்காவது இருக்கிறதா? இருக்கும். ஆனால் கோர்ட்டுக்குப் போய் அதை வாங்கி வருவதற்குள் மடோடா அறுவடையே முடித்துவிடுவான்.

அதனால் கறுப்பைக் கழற்றப் போகிறேன். "புருஷன் மேல இவ்வளவுதான் பாசமா" என்று ஊர் கேட்கும். மாமியார் என் முகத்தில் விழிக்க மாட்டார். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்த வயலை விட்டால் வேறு எதுவும் இல்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் எப்படியாவது வந்துவிடு. கூட்டத்தில் நீ பேச வேண்டாம், நான் பேசிக்கொள்வேன். சனிக்கிழமை காலையில் இந்த உடையை என் கையாலேயே கழற்ற என்னால் ஆகாது. நீதான் கழற்றிவிட வேண்டும்.

உன் அக்கா,
கெட்சீவே