பத்து நாள் என்று வாசித்தேன்

அக்காவுக்கு,

படிப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன். நலமா என்று கேட்க மாட்டேன். மாமா உனக்கு எழுதிப் போட்டது தெரியும். மாடி இடிந்ததற்கும் அப்பாவின் இடுப்பு முறிந்ததற்கும் நீ கலக்கச் சொன்ன சாம்பல்தான் காரணம் என்று எழுதியிருப்பார். தெருவும் அதைத்தான் சொல்கிறது. "பாத்திரம் தேய்க்கிற சாம்பல்ல போயி யாராவது வீடு கட்டுவாங்களா?" என்று டீக்கடைக்காரர் சிரிக்கிறார். நம் வீட்டுக்கு இப்போது சாம்பல் மாளிகை என்று பெயர்.

அப்பா கட்டிலில்தான் இருக்கிறார். திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். நடந்துவிடுவார் என்கிறார் டாக்டர். சாரம் ஏறுவாரா என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

சாம்பல் மூட்டை வந்த அன்று அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சின தூள் அது. உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, "மூஞ்சிக்குப் பூசுற பவுடராட்டம் இருக்குடா" என்றார். முப்பது வருடக் கொத்தனார். தன் கலவையில் யாரையும் மூக்கை நுழைக்க விடாதவர். நீ எழுதினாய் என்ற ஒரே காரணத்துக்காக மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு சாம்பல் போட்டார். "எம்பொண்ணு ஆராய்ச்சிக்கூடத்துல இதத்தான் உடைச்சுப் பாக்குறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

அவருக்கு எழுத்து வராது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டியது நான். இந்த வீட்டில் என் படிப்புக்கு இருந்த ஒரே வேலை அது. நீ பேசுவாய், நான் வாய். அந்த எரிச்சலை மறைக்கவில்லை.

மாடிக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், அதைத் தாங்குகிற முட்டுகள் எத்தனை நாள் நிற்கணும் என்று எழுதியிருக்கிறாய் எனக் கேட்டார். நீ எழுதியிருந்தது இருபத்தெட்டு. சாம்பல் கலந்தது மெதுவாகத்தான் இறுகும், அவசரம் கூடாது என்று அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். எனக்கு லாரியில் வேலை கிடைத்திருந்தது. பன்னிரண்டாம் நாள் கிளம்ப வேண்டும். முட்டுகளைப் பிரிக்காமல் அப்பா என்னை விட மாட்டார். பத்து என்று வாசித்தேன்.

அவர் கை அதை நம்பவில்லை அக்கா. பத்தாம் நாள் மேலே ஏறி ஓரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "சத்தம் இன்னும் பச்சையா இருக்கேடா" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அவ படிச்சவ. அவளுக்குத் தெரியாததா உங்க சுத்தியலுக்குத் தெரியப் போவுது?" என்றேன். சுத்தியலை இடுப்பில் செருகினார். "சரி, அவ சொன்னாச் சரி" என்று இறங்கினார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, முட்டுகளை அவரே ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். நடு முட்டு வந்ததும் கூரையும் வந்தது.

உன் கடிதங்களுக்குப் பதில் வராததால், அப்பாவுக்கு உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை, வெட்கம். மாமா உன்னைத் திட்டும்போதெல்லாம், "எம்பொண்ணு சொன்னது சரிதான். நான்தான் கலவையக் கெடுத்துட்டேன்" என்கிறார். கலவை பூசுகிற கரணையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். தெரு உன்னைச் சொல்கிறது. அவர் தன்னைச் சொல்கிறார். என்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை என்றால் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாராட்டு வேறு. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கட்டிலருகே போனேன். மூன்று தடவையும் மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் கிழித்துவிடுவேன். நடந்ததையெல்லாம் அப்பாவுக்கு எழுது. உறைமேல் என் பெயர் வேண்டாம், பக்கத்து வீட்டு டீச்சர் பெயருக்குப் போடு. அவர் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். ஓடிப்போக மாட்டேன், அன்றைக்குக் கட்டிலருகில்தான் இருப்பேன். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும்.

சீக்கிரம் எழுது அக்கா.

தம்பி