தப்பாகப் போடத் தெரிந்தவளுக்கு

இன்று காலை திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் போகிற பஸ்ஸில் உன் ஸ்பூன் சத்தம் கேட்டது. முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி போனில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். விடை தப்பு. உடனே 'டங்' என்று ஒரு சத்தம். உன் சாப்பாட்டு டப்பா மூடியை நீ ஸ்பூனால் தட்ட, நான் பதிவு செய்த அதே சத்தம். தப்பு விடைக்கு நம் கம்பெனி முதலில் வைத்திருந்தது ஆம்புலன்ஸ் மாதிரி அலறுகிறது, குழந்தை பயந்துவிடும் என்று நீ சண்டை போட்டு மாற்றியது. பஸ் நெரிசலில் நின்றுகொண்டே இருக்க, அவளும் தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

நம் வேலையை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை, நினைவிருக்கிறதா? இணையத்தில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் மென்பொருள். சரியாகப் போட்டால் கடினமான கணக்குக் கொடுக்கும், தப்பாகப் போட்டால் ஒரு படி இறங்கி எளிதானதைக் கொடுக்கும். அது ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க, நாள் முழுக்கக் குழந்தை மாதிரித் தப்பாகப் போடுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். நாகர்கோவிலில் அப்பாவிடம் சொன்னபோது, "இதுக்கா எம்.எஸ்சி. கணக்கு படிச்ச?" என்றார்.

நான் வாய்க்கு வந்த எண்ணை அடிப்பேன். ஒருநாள் நாற்பத்து மூன்றில் பதினேழு போக எவ்வளவு என்று கேட்டது. தொண்ணூற்றொன்று என்று அடித்தேன். நீ எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"எந்தக் கொழந்தைடீ இப்படிப் போடும்? மூணுலேர்ந்து ஏழு போகாதுன்னு, ஏழுலேர்ந்து மூணை எடுத்துடும். முப்பத்துநாலுன்னு போடும். தப்புக்கும் ஒரு காரணம் உண்டாக்கும்."

"ஏட்டி, தப்பாப் போடதுக்கும் டியூஷன் போணுமா?" என்றேன்.

உன்னைப் போலத் தப்புப் போட அந்த ஆபீஸில் ஆளில்லை. ஹாஸ்டல் சோற்றில் நாக்கு செத்துக் கிடந்த எனக்கு, கரமனை வீட்டிலிருந்து வரும் உன் டப்பாவில் பாதி உண்டு. நான் மீன் வாங்கும் நாளில் மட்டும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே என் ஊர்க்கதையைக் கேட்பாய். கதை சுவாரசியமானால் மூக்கு தானாக நிமிர்ந்துவிடும்.

விழிஞ்ஞம் கடற்கரையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மென்பொருளை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த சமயம் அது. ரோஸ்லின் என்று ஐந்தாம் வகுப்புப் பெண். காலையில் பின்னக் கணக்கை ஊதித் தள்ளுவாள். சாயங்காலம் ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்றால் தெரியாது. மென்பொருள் அவளைப் படிப்படியாக இறக்கி, வாத்து எண்ணும் ஒன்றாம் வகுப்பில் கொண்டு உட்காரவைத்துவிட்டது. கற்றலில் மிகவும் பின்தங்கியவள் என்று பள்ளிக்கு அறிக்கை போகவிருந்தது.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். நாமதான் இவ்வளவு விடை பாத்தாச்சுல்லா?" என்று நானும் சொன்னேன். நீ அவளுடைய தப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பானையே மூணுன்னா என்ன பண்ணுவே? இது ஒருத்தி போட்ட தப்பு இல்லைடீ. ஒண்ணு பெரிய கொழந்தையோடது. ஒண்ணு இப்பத்தான் கூட்டல் படிக்கறது. இன்னொண்ணு சும்மா படத்தைத் தட்டி விளையாடறது."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாய். ரோஸ்லினின் அம்மா குளச்சல்காரி, கணவனுக்குத் துறைமுகக் கட்டுமானத்தில் வேலை. "ஒரு போன்தான் உண்டு. எது இருந்தாலும் மூணு பேரும் பங்கு வச்சுக்கணும்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள், பெருமையாக. அக்கா போட்டதும் தம்பி, தம்பிக்குப் பிறகு கடைக்குட்டி. எல்லாம் அக்கா பெயரில்.

ரோஸ்லின் கதவுக்குப் பின்னால் நின்றாள். பள்ளியில் கணக்குப் பீரியடு வந்தால் அவளுக்கு வயிறு வலிக்கிறதாம். "எனக்குக் கணக்கு வராதுக்கா. போனே சொல்லிட்டுது" என்றாள். நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"போனுக்கு உன்னைத் தெரியாதுடீ கொழந்தே. யாரு தட்டறான்னு அது கேக்கவே இல்லை. தப்பு அதோடது, உன்னோடது இல்லை."

அவள் நம்பவில்லை. போன் சொன்ன பிறகு மனுஷர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர், "அதொக்கெ பின்னெ நோக்காம்" என்றார். எல்லாம் பிறகு பார்க்கலாமாம், வெளியிடும் நாள் நெருங்கிவிட்டதாம். நீ எழுந்து நின்று மலையாளத்திலேயே வெளுத்து வாங்கினாய். ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகப் பயப்படுகிறாள், பிறகு என்றால் எப்போது சார் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது, உன் வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அறிக்கை நின்றது. போனைத் திறந்ததும் 'யார் வந்திருப்பது?' என்று கேட்டு நண்டு, காக்கை, பூனை படங்களைக் காட்டும் திரையை நீயே வரைந்து கொடுத்தாய். ஆளுக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு கணக்கு. அது தயாராவதற்குள் நீ நோயில் படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பேன், நீ உன் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாய். "விழிஞ்ஞம் போனியோ?" என்பாய். அவ்வளவுதான்.

புதிய திரை வந்ததும் போனேன். ரோஸ்லின் நண்டைத் தொட்டாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போட்டாள். மறுபடி வாத்து வந்துவிடுமோ என்று எட்டிப் பார்த்தேன். தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். அவள் போனை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"சிரிக்காதல. இது நா போட்ட தப்பாக்கும். இரு, நானே திருத்துவேன்."

திருத்தினாள். வாத்து வரவில்லை.

அங்கிருந்து நேராக உன்னிடம்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே உனக்கு எப்படிச் சொல்ல வேண்டும், அவள் 'ஆக்கும்' என்றதை எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா நின்றிருந்தாள். "இப்பத்தான் கேட்டா, நீ வந்தாச்சான்னு" என்றாள். நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போதும் ஒரு தப்பான விடையைப் பார்த்தால், யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை. என் வீட்டுக்காரர் காபியில் உப்பைப் போட்ட அன்றுகூடக் கேட்டேன், மனுஷர் கோபித்துக்கொண்டார். அதையெல்லாம் சொல்லிச் சிரிக்க ஆள் கிடைக்கிறது. சொல்லாமல் என்னிடமே தங்கிவிட்டது ஒன்றுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

விழிஞ்ஞம் போனேன், ஏட்டி. அவள் தப்பாகத்தான் போட்டாள். பயப்படவே இல்லை.