இடம் மாறிய முதுகு

அக்கா,

இன்று காலை வெள்ளாவிப் பானையைத் திறந்தேன். சவுக்காரமும் சூடான துணியும் கலந்த ஆவி முகத்தில் அடித்ததும் நீ பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. யாராவது என் பக்கம் நிற்க வேண்டிய வேளைதான். வண்ணாந்துறைப் பெண்கள் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். என் இடது மார்பிலும் கட்டி வந்திருக்கிறது.

"அந்த அக்கா கதி தெரியும்தானே லா? கத்தி வெச்சாங்க, செத்துப் போச்சு" என்றாள், மலாய்க்காரர் போல 'லா' போட்டுப் பேசும் ஒருத்தி. எனக்கு வந்த கோபத்தில் துரை வீட்டு மேசைவிரிப்பைச் சேற்றில் போட்டுவிட்டேன். நீ செத்ததை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். நடுவில் நீ வாழ்ந்ததை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்?

உனக்கு வலது பக்கம். கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. அறுத்தெடுத்தால் மூடுவதற்குத் தோல் போதாது என்றார் வெள்ளைக்கார டாக்டர். அவர் சொன்னதை, காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் தம்பி நமக்குத் தமிழில் சொன்னார்.

"முதுகுலேருந்து தோலும் சதையுமா எடுப்பாங்க அக்கா. முழுசா வெட்ட மாட்டாங்க, ரத்தம் ஓடுற பக்கம் ஒட்டியே இருக்கும். அப்படியே அக்குள் வழியா திருப்பி நெஞ்சுல வெச்சுத் தைப்பாங்க."

நீ உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "கல்லுல அடிக்க முடியுமா?" என்றுதான் கேட்டாய். கையைக் கீழே இழுப்பதே அந்தச் சதைதான், பலம் குறையும் என்றார்.

நீ கேட்டதன் காரணம் எனக்குத் தெரியும். நம் துறையில் ஒரு துவைகல் ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை துணி படாமல் காய்ந்து கிடந்தால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். புருஷன் இல்லாத உனக்கு அந்தக் கல்தான் சோறு. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் துணிகளில் ஒன்றைத் தினமும் உன் கல்லில் அடித்து வந்தேன். துறைத் தலைவர் பார்த்துவிட்டார். "உன் கை கணக்குல வராது. அவளே வந்து அடிக்கணும்" என்றார்.

வந்தாய். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து, உடம்பையே வீசி அடித்தாய். ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் தைத்த சதை ரவிக்கைக்குள் துள்ளியது. தலைவர் கூச்சப்பட்டு ஆற்றைப் பார்த்தார். நீ விடவில்லை.

"இங்க பாருங்க அண்ணே. முதுகு இன்னும் வேலை செய்யுது. இடம்தான் மாறிருச்சு."

அந்தக் கல் உன்னிடமே நின்றது.

அந்தக் கல்லில் அடித்தே மகளைக் கட்டிக்கொடுத்தாய். பேரனைத் தூக்கினாய், இடது கையால்தான், ஆனாலும் தூக்கினாய். பிறகு நோய் நுரையீரலில் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் புண்ணோடு விட்டிருந்தால், நாற்றத்துக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் அப்போதே போயிருப்பாய். அதையும் இவர்களேதான் பேசியிருப்பார்கள்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டிரெஸ்ஸர்தான், தலை நரைத்திருக்கிறது. தோல் போதாவிட்டால் முதுகிலிருந்து எடுக்க வேண்டிவரும் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். எனக்கு நீ ஒருநாள் குளிக்கும்போது செய்தது ஞாபகம் வந்தது. என் கையைப் பிடித்து உன் நெஞ்சுத் தழும்பின் மேல் வைத்தாய். உன் வலது கையைக் கீழே இழுத்துக் காட்டினாய். சதை எழும்பி என் உள்ளங்கையை முட்டியது. "நீ தொடுறது நெஞ்சுல, எனக்குக் கூசுறது முதுகுல டி" என்று சிரித்தாய். உன் உடம்பின் அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

"விளக்க வேணாம் தம்பி" என்றேன். "என்னைக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க."