பாதி சாம்பல்

ஆவணி 11, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். மலைக்கோயிலில் ஒரே முகூர்த்தத்தில் ஏகப்பட்ட கல்யாணம். ஸ்டுடியோவுக்கு மூன்று கேமரா கார்டுகள். எதில் எந்த மணப்பெண் என்று கொண்டு வந்தவருக்கே தெரியாது. அதனால் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்கள் காப்பி ஓடும்போதே ஒரு படத்தைத் திறந்து முகம் பார்ப்பேன். மேலே முகம், கீழே இன்னும் வந்து சேராத பாதி சாம்பல் நிறம். ஃபோல்டருக்குப் பெயர் போட அது போதும்.

ஓனர் பார்த்துவிட்டார். "காப்பி ஆயிகினு இருக்கும்போது தொறக்காதம்மா. கெட்டுப்பூடும்."

கெடாது என்றேன். முறைத்தார். சாப்பிட்டு வருவதற்குள் கார்டைக் காணோம். காப்பி முடிந்து யாரோ எடுத்திருப்பார்கள்.

பூ வாங்க மறந்தேன்.

ஆவணி 13, ஞாயிறு

ஆர்.கே.பேட்டைப் பெண்ணின் கல்யாணப் படங்கள் மாலை மாற்றியதோடு நிற்கின்றன. கடைசிப் படம் பாதி சாம்பல். தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

"நீ தொறந்ததாலதான். நாளைக்கி அவங்க வர்றாங்க. ஒத்துக்கினு மன்னிப்பு கேளு. இல்லன்னா வேலைக்கி வராத," என்றார் ஓனர்.

பக்கத்தில் ஓனரின் மச்சான், கேமராக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுவோம். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து என் படங்களை பென் டிரைவிலிருந்து காப்பி போட்டேன். ஓடும்போதே பத்து முறை திறந்தேன். எல்லாம் முழுசு. பிறகு பாதியில் பென் டிரைவைப் பிடுங்கினேன். கடைசிப் படம் பாதி சாம்பல்! அப்பாடா. அப்படியானால் யாரோ கார்டைப் பாதியில் பிடுங்கியிருக்கிறார்கள். செய்யாத தப்புக்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்? மாட்டேன்.

ஆவணி 14, திங்கள்

தூறல். பெண்ணின் அம்மா வந்தார். ஓனர் எனக்குக் கண் காட்டினார். நான் பாவா பக்கம் திரும்பினேன்.

"காப்பி முடியறதுக்குள்ள கார்டை எடுத்தீங்களா பாவா?"

"அடுத்த மண்டபத்துக்கு நேரமாயிடுச்சும்மா..."

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல. அதுல மிச்சமிருந்த எடத்துலதான் எடுத்தேன்."

கார்டு அவர் பையிலேயே இருந்தது. நானே சொருகினேன். காப்பி ஓடத் தொடங்கியதும் ஓனர், "முடியட்டும், தொறக்காத."

திறந்தேன். மணப்பெண் முகம் மட்டும். அம்மா திரைப் பக்கம் குனிந்தார். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். கழுத்து, மஞ்சள் கயிறு, முடிச்சுப் போடும் விரல்கள்.

"ஆங், இதான்! எங்க பாப்பா!"

ஓனர் டீ சொல்லி அனுப்பினார். எனக்கும் சேர்த்து. வேலை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. காப்பி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தைத் திறந்தேன்.