விளம்பரத்தில் தெரிந்த கால்

என் மனுசனுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம். மூத்தவள் சிலாபத்தில் வேலைக்குப் போகிறாள். நான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. இது என்ன கேடோ தெரியவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு நீங்கள் செய்துவந்த ஒலிபெருக்கி கட்டும் வேலையைக் கோயில்காரர் எனக்காக இன்னும் வைத்திருக்கிறார்கள். எதை வைத்துக் கட்டுவது? உங்கள் வைத்தியத்துக்காக அம்ப்ளிபயரை விற்றுவிட்டோமே. இந்த மாதத்துக்குள் ஒன்று வாங்காவிட்டால் வேலை சிலாபத்து ஒலிபெருக்கிச் செட்காரனுக்குப் போய்விடும். பிறகு வீடு எதில் ஓடும்?

அதனால் பழைய சாமான் விற்கிற பக்கங்களைப் போனில் பார்க்கத் தொடங்கினேன். போன கிழமை ஒரு அம்ப்ளிபயர் கண்ணில் பட்டது. விலை பாதிக்கும் குறைவு. மலிவு என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், உங்களுக்குத் தெரியும். ஆனால் படத்தில் தெரிந்தது பின்பக்கம். வயர்களை நீல வலைநூலால் கட்டியிருந்தது, வலை பின்னும்போது போடுகிற அதே முடிச்சு. நம்மைப்போலக் கடற்கரை ஆள் ஒருவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த சாமான், கள்ளம் இருக்காது என்று நினைத்தேன். நூலைப் பார்த்து ஆளை நம்புகிற புத்தி நம் ஊரில்தான் இருக்கும்.

போன் எடுத்துக் கதைத்தேன்.

“அக்கா, சாமான் புதுசு மாதிரி. பாதிக் காசைப் போடுங்க, நாளைக்கே பஸ்ஸில ஏத்தி விடுறன்.”

“எங்க இருக்கு தம்பி?”

“பாலாவியில.”

“பக்கம்தானே. நான் வந்து, போட்டுக் கேட்டுட்டுக் காசு தாறன்.”

“இல்லக்கா, நான் இப்ப கொழும்பில நிக்கிறன். வேற ரெண்டு பேரும் கேக்கிறாங்க. கெதியாப் போடுங்க.”

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கால். கட்டியிருந்த சாரத்தின் கரை. பெருவிரலுக்குப் பக்கத்தில் உங்களைத் திருக்கை குத்திய தழும்பு. கீழே நம் வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரை. அன்றைக்கு விற்பதற்காக இதே பக்கத்தில் நீங்களே எடுத்துப் போட்ட படம். அந்த முடிச்சும் உங்களுடையதுதான், முதலில் எனக்குப் பிடிபடவில்லை.

வாங்கினவன்தான் திருப்பி விற்கிறானோ, நம் சாமான் நம்மிடமே வரப்போகிறதோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். திரும்ப எடுத்தேன்.

“தம்பி, படம் நீங்க எடுத்ததா?”

“ஓம் அக்கா, இண்டைக்குக் காலையில.”

“ஓரத்தில ஒரு கால் தெரியுதே, அது ஆருட கால்?”

“என்ட கால்தான்.”

அவன் யோசிக்கவே இல்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. “சரி தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அடுப்பில் மீன் கருகி மணத்தது. எழும்பவில்லை.

உங்கள் காலைக் காட்டி இன்னொரு குடும்பத்தை ஏமாற்றப் போகிறான் என்பது பின்னேரம்தான் உறைத்தது. விளம்பரத்துக்குக் கீழே என் பெயரில் எழுதினேன்: ‘காசு போடாதீங்க. இது கள்ளம். படத்தில் இருக்கிறது என் மனுசனின் கால். அவர் செத்துப்போயிட்டார்.’ கடைசி வரியை மூன்று முறை அழித்து எழுதினேன். அந்தச் சொல்லை நான் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. உங்கள் போனுக்குச் செட் கேட்டு எடுக்கிறவர்களிடம் “அவர் வெளியில போயிருக்கிறார்” என்றுதான் சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேனா?

கீழே முன்பின் தெரியாதவர்கள் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதினார்கள். ஒருவர் ‘அம்ப்ளிபயர் இன்னும் இருக்கா?’ என்று கேட்டிருந்தார். மறுநாள் பார்த்தால் விளம்பரமே இல்லை, உங்கள் காலும் இல்லை. படத்தைச் சேமித்து வைக்க எனக்குத் தோன்றவில்லையே.

நாளைக்குப் புத்தளம் போகிறேன். போட்டுக் காட்டுகிற ஆளிடம், காதால் கேட்டுத்தான் வாங்குவேன். உங்களைக் கேட்டு இனி யார் எடுத்தாலும் நீங்கள் செத்துப்போனதைச் சொல்வேன். சொல்லிவிட்டு, “செட் நான் போடுறன், எத்தனையாம் திகதி?” என்று கேட்பேன்.

உங்கள் மனுசி,
சாந்தி